கழிவறை ஆசிட்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கிவிட்டால் ஐந்தருவிச் சாலையிலும் குற்றாலத்திலும் தென்காசியிலும் விடுதி அறைகள் காலியாக நிற்பதில்லை. ஒரு குடும்பம் பெட்டியைக் கட்டி இறங்கும்போதே அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கிறது. சீசன் முடிந்தால் கார்த்திகையும் மார்கழியும் வரும். சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்களால் மீண்டும் அதே நெரிசல். ஓர் ஆள் போய் இன்னோர் ஆள் வருவதற்கு இடையே கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் கழிவறையைப் பளிச்சென்று ஆக்கித் தரவேண்டிய பொறுப்பு துப்புரவுப் பணியாளர் தலையில் விழுகிறது. அந்த அவசரத்தில் அவர் கைக்கு முதலில் எட்டுபவை ஆசிட் பாட்டிலும் பிளீச்சிங் பவுடர் டப்பாவும்தான். தனித்தனியே இரண்டையும் கவனத்தோடு கையாளலாம். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஆளைக் கொல்லும் வாயு எழும். இந்த ஆசிட்டைப் பற்றி விடுதிக்காரர்களும் பணியாளர்களும் வீட்டில் இருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் கீழே வருகின்றன.

கடையில் வெறும் ‘ஆசிட்’ என்று கேட்டால் தருவது எந்த அமிலம்?

பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் கிடைப்பது இது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் அடர் அமிலத்தில் 35 முதல் 37 விழுக்காடு வரை அந்த வாயு கரைந்திருக்கும். தொழிற்சாலைத் தரத்தில் அது 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் பினாயிலோடு சேர்த்து விற்கப்படும் பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லை. ஒருவாரம் வாங்கியது லேசாக இருந்திருக்கும், அடுத்த வாரம் வாங்கியது கையைப் பொத்துப்போகச் செய்யும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் ஆசிட் வேறு. அது கந்தக அமிலம். புகையாது, ஆனால் துணியையும் தோலையும் கருக்கிவிடும்.

மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை வருகிறதே, அது என்ன?

கரைந்திருந்த வாயு வெளியேறி, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மிக நுண்ணிய அமிலத் துளிகளாக மாறுகிறது. நாம் காண்பது அந்தத் துளிகளைத்தான். காற்றில் ஈரம் ஊறிக்கிடக்கும் சாரல் நாள்களில் புகை இன்னும் அடர்த்தியாகத் தெரியும். மூக்கும் தொண்டையும் கண்ணும் ஈரமான இடங்கள் என்பதால் வாயு அங்கேயும் அமிலமாகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான். வேலைசெய்யும் இடத்துக் காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 5 பங்கை ஒரு கணமும் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி. ஜன்னல் இல்லாத குளியலறையில் அடர் ஆசிட்டை வாளியில் ஊற்றித் தேய்ப்பவர் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடுவார். ஆசிட் பாட்டில் வைத்த அலமாரியில் பூட்டு, ஸ்பேனர், கீல் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பதும் இதே புகையால்தான். மூடியிருந்தாலும் அது சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன்மேல் ஆசிட் ஊற்றினால் கறை நன்றாகப் போகிறது என்கிறார்களே?

போகும் உயிர் யாருடையது என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்போடு குளோரினைப் பிணைத்து வைத்த பொடி. அமிலம் பட்ட மறுகணமே அந்தப் பிணைப்பு அறுந்து, குளோரின் வாயுவாக எழுகிறது. நல்ல நிலையிலுள்ள பவுடரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் பவுடர் மீது ஒரு டம்ளர் ஆசிட் ஊற்றினால் சுமார் 30 கிராம் குளோரின், அதாவது 10 லிட்டர் வாயு உருவாக முடியும். ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம், எட்டடி உயரம் உள்ள குளியலறையில் ஏறத்தாழ 7,500 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 10 லிட்டர் கலந்தால் பத்து லட்சத்தில் 1,300 பங்குக்கு மேல். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட அளவோ பத்து லட்சத்தில் 10 பங்குதான். உருவாகக்கூடியதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே எழுந்தாலும் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிவிடுகிறது.

குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விடாது; தரையோடு தேங்கும். கழிவறைப் பீங்கானைத் தேய்ப்பவர் குனிந்தோ குத்தவைத்தோ இருக்கிறார். அவர் முகம் வாயு தேங்கும் உயரத்திலேயே இருக்கிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே வாயுதான். பள்ளத்தில் இறங்கித் தேங்கும் இந்தக் குணத்தை நம்பித்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2020இல் கொரோனா தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் அமெரிக்காவின் நச்சு ஆலோசனை மையங்களுக்கு, சுத்தம்செய்யும் பொருள்களாலும் கிருமிநாசினிகளாலும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி வந்த அழைப்புகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 20 விழுக்காடு கூடின. காய்கறி கழுவுவதற்காகத் தொட்டியில் பிளீச்சும் வினிகரும் வெந்நீரும் கலந்த ஒரு பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்திருக்கிறது. வினிகர் மென்மையான அமிலம். அதுவே அந்த வேலையைச் செய்கிறது என்றால், 30 விழுக்காடு ஆசிட் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில் இந்த ஆபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர்த் தொட்டியில் குளோரின் கலப்பதற்காகப் பிளீச்சிங் பவுடர் எந்த விடுதியிலும் மூட்டையாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆசிட்டைத்தான் அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழேயுள்ள அந்தச் சின்ன ஸ்டோர் ரூமில் மேல்தட்டில் ஆசிட்டும் கீழ்த்தட்டில் பவுடரும் இருந்தால், ஒரு பாட்டில் கவிழ்ந்தாலே போதும்.

யாராவது தெரியாமல் கலந்துவிட்டால் என்ன செய்வது?

வெளியே வரவேண்டும். வாளியைத் தூக்கி ஊற்றவோ, தண்ணீர் விட்டுக் கழுவவோ முயலக்கூடாது. அறைக்கதவைத் திறந்துவிட்டு, காற்று வரும் திசையில், உயரமான இடத்துக்குப் போக வேண்டும். முந்தானையையோ ஈரத்துண்டையோ மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்று நினைப்பது தவறு. துணி குளோரினைத் தடுக்காது. உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். காப்பாற்றப் போனவர் இரண்டாவது ஆளாக விழுவது இப்படிப்பட்ட விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது.

வாயுவைச் சுவாசித்தவரைப் படுக்கவைக்காமல் சாய்ந்து உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, 108க்குச் சொல்லுங்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பொய். முக்கியமாக, இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். பகல் 11 மணிக்கு மூச்சுத் திணறியவருக்கு இரவில் நிலைமை மோசமாகலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மிகக் குறைந்த அளவே ஆபத்தாகும்.

நம் வயிற்றிலேயே இந்த அமிலம் இருக்கிறதாமே, பிறகு ஏன் இவ்வளவு பயம்?

இருக்கிறது. 1824இல் வில்லியம் பிரௌட் என்ற ஆங்கில மருத்துவர் இரைப்பைச் சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று நிறுவினார். ஆனால் அங்கே அதன் அளவு அரை விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான். அதையும் தாங்கிக்கொள்ள இரைப்பை தன் சுவரில் கெட்டியான சளிப்படலத்தைப் பூசிவைத்திருக்கிறது. வாய்க்கும் உணவுக்குழாய்க்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 30 விழுக்காடு ஆசிட் வயிற்று அமிலத்தைவிட அறுபது மடங்காவது அடர்த்தியானது.

தோலில், கண்ணில் பட்டால்?

தண்ணீர். அதுவும் ஓடும் தண்ணீர், குறைந்தது 20 நிமிடம். ஆசிட் பட்ட துணியைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். துணி உடம்போடு ஒட்டியிருந்தால் அமிலம் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். கண் என்றால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கழுவுங்கள். இல்லையென்றால் வழியும் நீர் நல்ல கண்ணுக்குள் போய்விடும். பேஸ்ட், இங்க், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சோடா மாவைப் பூசி அமிலத்தை முறிக்கலாம் என்று படித்தவர்களே சொல்வதுண்டு. அந்த வினையில் வெப்பம் பிறக்கும், நேரமும் வீணாகும். மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன்னால் கழுவுங்கள். தென்காசி அரசு மருத்துவமனையை அடையும் நேரத்துக்குள் ஆகிவிடும் சேதத்தைப் பிறகு எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது சுட்ட குழாயை ஏறும்போது மறுபடி சுடும். துளிகள் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகலாம். வாயைக் கொப்பளிக்கச் செய்து, வேறு எதுவும் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். காஸ்டிக் சோடா போன்ற காரம் பெரும்பாலும் உணவுக்குழாயைச் சிதைக்கிறது. அமிலம் அதைக் கடந்து இரைப்பையின் அடிவாயிலில் தேங்கி அங்கே அதிகம் அழிக்கிறது. நாலைந்து நாளில் வலி குறைந்து, ஆள் தேறிவிட்டது போலத் தெரியும். வாரங்கள் கழித்துப் புண் ஆறிச் சுருங்கும்போது இரைப்பையின் வாயில் அடைபட்டு, சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும். ஆகவே தொடர் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தக்கூடாது.

இப்படிப்பட்ட விபத்துகளுக்கு முக்கியக் காரணம் பாட்டில். குடிநீர் வந்த ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஆசிட்டை ஊற்றிக் கழிவறை மூலையில் வைப்பது கொலைக்கருவியை மறைத்துவைப்பதற்குச் சமம். அருவியில் குளித்துவிட்டுத் தாகத்தோடு அறைக்கு வரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டிலாகத்தான் தெரியும்.

ஆசிட்டோடு தண்ணீர் கலக்கும் முறை என்ன?

எப்போதும் தண்ணீரை முதலில் எடுத்து, அதில் ஆசிட்டை மெல்ல விடவேண்டும். ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றினால் சூடேறிக் கொதித்துத் தெறிக்கலாம். கந்தக அமிலத்தில் இந்த ஆபத்து மிக அதிகம். கழிவறை ஆசிட்டுக்கும் விதி அதுவே. அலுமினியப் பாத்திரத்திலும் துத்தநாகம் பூசிய வாளியிலும் ஊற்றாதீர்கள். உலோகத்தை அரித்துக்கொண்டு எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு எழும்.

உண்மையிலேயே கழிவறைக்கு ஆசிட் தேவைதானா?

எந்தக் கறை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளையாக, கெட்டியாக, சுரண்டினால் பொடியாகும் கறை சுண்ணாம்பு. போர் தண்ணீரின் உப்பு படிந்து உண்டாவது. அமிலத்தில் அது கரையும். பழுப்பாகச் சிவந்திருந்தால் இரும்பு. அதுவும் அமிலத்துக்கு ஓரளவு இளகும். ஆனால் சாரல் காலத்தில் விடுதிச் சுவரிலும் டைல்ஸ் இடுக்கிலும் வருவது கறுப்பும் பச்சையுமான வழுக்கல். அது பூஞ்சையும் பாசியும். சோப்புத் தூளும் பிரஷும் காற்றோட்டமும் அதற்குப் போதும். அங்கே ஆசிட்டை ஊற்றுவது வீண். மலைப்பாறையில் வழிந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு; கீழே சமவெளியில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில்தான் அது மிகுதி.

ஆசிட்டுக்குச் சுண்ணாம்பும் சிமென்டும் ஒன்றுதான். வாரத்துக்கு மூன்று முறை ஊற்றினால் டைல்ஸுக்கு நடுவேயுள்ள சிமென்ட் பூச்சு அரித்துப்போகும், தண்ணீர் கீழே இறங்கும், கீழ்த்தள அறையின் கூரை ஒழுகும். மொசைக் தரை சொரசொரப்பாகி முன்னைவிட அதிகமாகக் கறை பிடிக்கும். எவர்சில்வர் குழாய்களில் ஊசிமுனை ஓட்டைகள் விழும். இந்த உலோகத்தின் மேல்படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும்.

கடையில் முத்திரையோடு வரும் கழிவறைத் திரவங்களிலும் இதே அமிலம் உண்டு, ஆனால் சுமார் 10 விழுக்காடுதான். கெட்டியாக இருப்பதால் தெறிப்பதும் புகைவதும் குறைவு. சுண்ணாம்புக் கறைக்கு எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தாலும் போதும். இவை இரண்டையும்கூடப் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. அறை வாடகைக்கு விடும் எந்த இடத்திலும் அடர் ஆசிட்டுக்கு வேலை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. அரைமணி நேரம் ஊறவைக்க நேரமில்லை என்றால், அறையை மாற்றிக்கொடுக்கும் நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

இவ்வளவு ஆபத்தானதை ஏன் தயாரிக்கிறார்கள்?

தொழில்துறைக்கு இது இல்லாமல் முடியாது. ஐந்தருவியின் தண்ணீர் ஐந்தருவியாறாக ஓடிச் சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலைத் தொடும் பகுதிக்குப் பக்கத்தில், ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் இந்த அமிலத்தைத் தயாரிக்கும் டி.சி.டபிள்யூ. ஆலை இருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் விளையும் உப்புதான் இந்தத் தொழிலின் அடிப்படை. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். பிந்தைய இரண்டையும் சேர்த்து எரித்துத் தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கடற்கரை மணலிலிருந்து பிரித்த கறுப்பு இல்மனைட் தாதுவை இந்த அமிலத்தில் ஊறவைத்து இரும்பை நீக்கினால் செயற்கை ரூட்டைல் கிடைக்கும். வெள்ளைப் பெயின்ட்டுக்கான மூலப்பொருள் அது. மேட்டூரிலும் இதே உப்பு மின்பகுப்புத் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது.

இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசும் முன் துருவைப் போக்கவும், மாட்டெலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து மாத்திரை உறைக்கான ஜெலட்டின் எடுக்கவும், அனல் மின்நிலையக் கொதிகலனுக்குப் போகும் நீரைத் தூய்மையாக்கவும், எண்ணெய்க் கிணற்றின் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கவும் இது வேண்டும். தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகத்தில் முக்கால் பங்கு இதுதான்.

ஆலைகளில் இதை ரப்பர் பூசிய தொட்டியில் வைக்கிறார்கள், புகையைத் தண்ணீரால் கழுவிப் பிடிக்கிறார்கள். அந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் சோடா ஆலைகள் இந்த வாயுவைப் புகைபோக்கி வழியே அப்படியே வெளியே விட்டன. சுற்றியிருந்த மரங்களும் பயிர்களும் பட்டுப்போயின. 1863இல் காரச் சட்டம் வந்து, வாயுவில் 95 விழுக்காட்டையாவது பிடித்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. பிடித்த வாயு தண்ணீரில் கரைந்து விற்பனைக்குரிய அமிலமாயிற்று. தொழிற்சாலைக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே வந்த கட்டுப்பாடு, கழிவறை மூலைக்கு இன்னும் வரவில்லை.

ஆசிட் கழுவிய தண்ணீர் ஆற்றைக் கெடுக்குமா?

அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடைவிதித்திருப்பது பலருக்கும் தெரியும். அறைக்குள் ஊற்றுவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு பாட்டில் ஆசிட் ஆற்றை எட்டுவதற்குள் மண்ணோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து வீரியம் இழந்துவிடும் என்பது உண்மை. சேதம் அதற்கு முன்பே, செப்டிக் டேங்கில் நடக்கிறது. மலத்தைச் சிதைத்துத் தருவது அங்கே வாழும் பாக்டீரியாக்கள். நாள்தோறும் பல அறைகளிலிருந்து ஆசிட் வந்து விழுந்தால் அவை மடிகின்றன. சிதையாத கழிவு தொட்டி நிரம்பி வழிந்து ஓடைக்குப் போகிறது. இன்னொன்று, தொட்டியிலுள்ள சல்பைடுகள் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படும். அழுகிய முட்டை நாற்றமுள்ள இந்த வாயு அதிக அளவில் முகர்வுணர்வையே மரக்கச்செய்துவிடும். தொட்டியைத் திறக்க வரும் தொழிலாளியின் உயிரோடு தொடர்புடைய விஷயம் இது. மனிதர்களை அதற்குள் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதையும் விடுதி உரிமையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஆசிட் வாங்க அடையாள அட்டை வேண்டுமா?

வேண்டும். பெண்கள் மீது ஆசிட் வீசும் கொடுமையைத் தடுக்கக் கோரிய வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, வாங்குபவரின் பெயர், முகவரி, என்ன தேவைக்கு என்ற விவரங்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். முகவரியுடன் கூடிய அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. மீறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், ஆசிட் வீச்சுக்கு ஆளாகிப் பார்வையை இழந்திருந்த காரைக்கால் இளம் பொறியாளர் மூன்று மாதப் போராட்டத்துக்குப் பின் இறந்துபோனார். ஆசிட் வீச்சுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 124ஆம் பிரிவில் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை உண்டு. தெருவில் பேரும் அளவும் எழுதாத பாட்டிலில் விற்கப்படும் ஆசிட்டை விடுதிகள் வாங்குவது இந்தப் பதிவேட்டு முறையையே பயனற்றதாக்குகிறது.

மிச்சமிருக்கும் ஆசிட்டை என்ன செய்வது?

அப்படியே சாக்கடையிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். திறந்தவெளியில், ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பெரிய பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவு தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதில் 100 மில்லி ஆசிட்டை மெல்ல விடுங்கள். பிறகு சமையல் சோடாவைச் சிறுகச் சிறுகத் தூவுங்கள். நுரைத்துப் பொங்கும், எழுவது கரியமில வாயுதான். 100 மில்லி ஆசிட்டுக்குச் சுமார் 80 கிராம் சோடா தேவைப்படும். நுரைப்பது முழுவதும் நின்றுவிட்டால் வாளியில் இருப்பது உப்புத் தண்ணீர். அதைச் சாக்கடையில் விடலாம். பாட்டில் காலியானதும் நன்றாகக் கழுவி, கத்தியால் வெட்டிப் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாரோ ஒருவர் எடுத்து வேறு எதையாவது ஊற்றி வைப்பார்.